வசந்த விடுமுறையில் தென்மேற்குப் பாலைவனம்: ஒன்பது நாளில் எதை விடலாம்?

டல்லஸில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மார்ச் நடுவில் பிள்ளைகளுக்கு வசந்த விடுமுறை. முன்னும் பின்னும் வரும் சனி, ஞாயிறுகளைச் சேர்த்தால் ஒன்பது நாள். லாஸ் வேகாஸ் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார். ஆறு வயதில் ஒரு மகன், நான்காம் வகுப்பில் ஒரு மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். பட்டியலில் சயான், பிரைஸ், ஆர்ச்சஸ், ஆன்ட்டிலோப் கேன்யன், மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன், டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ என்று எட்டு இடங்கள். “எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? பாலைவனம்தானே, பருத்தி உடைகள் போதுமா? நான்கு சக்கரமும் இயங்கும் பெரிய வண்டி எடுக்க வேண்டுமா?” கேள்விகள் மூன்றானாலும் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றைத்தான்: எட்டில் எதை விட்டால் பின்னால் வருத்தம் இருக்காது? இதற்கு மைல் கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்பவர்கள்தான் இந்தப் பயணத்தில் சிரமப்படுகிறார்கள். உயரக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

நான் அரிசோனாவில் பல ஆண்டுகளாக நீரியல் பொறியாளராக இருப்பவன். மழை எவ்வளவு, பனி எவ்வளவு, எந்த ஓடையில் எப்போது எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிடுவது என் தொழில். விருந்தாளிகள் வந்தால் இதே பாதையில் கார் ஓட்டிக்கொண்டு போவது என் வீட்டு வேலை. நான் சுற்றுலா முகவர் அல்ல, மருத்துவரும் அல்ல. கீழே சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலைவனம் என்றதும் மணலும் கொளுத்தும் வெயிலும்தான் கண்முன் வரும். உங்கள் பட்டியலை உயரவாரியாக எழுதிப் பாருங்கள். டெத் வேலியின் பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கிறது. லாஸ் வேகாஸ் சுமார் 2,000 அடி. சயான் பள்ளத்தாக்கின் தரை 4,000. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு 7,000. பிரைஸில் சாலை முடியும் ரெயின்போ பாயின்ட் 9,115. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் மூன்று முதல் ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறையும். அதனால்தான் மார்ச் நடுவில் லாஸ் வேகாஸில் பகல் 70 டிகிரியாக இருக்கும்போது, நான்கு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் பிரைஸில் 40களில் நிற்கிறது. இரவில் 20களுக்கு இறங்கிவிடும். 32 டிகிரியில் தண்ணீர் உறையும் என்பதை நினைவில் வையுங்கள். கிராண்ட் கேன்யனில் இன்னும் வேடிக்கை. மேலே விளிம்பில் நடுங்கிக்கொண்டு நிற்கிற அதே மதியத்தில், கீழே கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் ஃபான்டம் ராஞ்சில் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே பருத்தி உடை போதுமா என்றால், பாதிப் பயணத்துக்குப் போதும். மறுபாதிக்குக் காற்றுப் புகாத மேலங்கி, கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் வேண்டும். காலையில் நான்கு அடுக்கு போட்டுக்கொண்டு மதியத்துக்குள் மூன்றைக் கழற்றுவது இங்கே வழக்கம்.

உயரம் உங்கள் மாமியாரையும் பாதிக்கும். தென்விளிம்பு ஏறத்தாழ ஊட்டியின் உயரத்தில் இருக்கிறது. ரெயின்போ பாயின்ட் தொட்டபெட்டா உச்சியைவிடவும் உயரம். அங்கெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கியதா, தலை வலித்ததா என்று கேட்டுப் பாருங்கள். இதய நோய், நுரையீரல் சிரமம், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை என்று ஏதாவது இருந்தால் கிளம்புமுன் அவருடைய மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. காற்று மிகவும் உலர்ந்தது; வியர்வை தோலில் நிற்காமலே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. ஊரிலிருந்து வருகிற பெரியவர்கள் வழியில் கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். மாலையில் வரும் தலைவலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

சமையலுக்கும் இந்தக் கணக்கு உண்டு. 7,000 அடியில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், பிரைஸில் அதற்கும் கீழே. ஹோட்டல் அறையில் மின்சார குக்கர் வைத்துச் சோறு வடிக்கும் குடும்பங்கள் ஏராளம்; அறையில் சமைக்க ஹோட்டல் அனுமதிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே குக்கர் வழக்கமான நேரத்தில் அணைந்துவிடும்; மூடியைத் திறந்தால் அரிசியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். அரிசியை முன்கூட்டியே அரை மணி ஊறவைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். பருப்பு வேகவைக்கும் ஆசையை அங்கே விட்டுவிடுங்கள். பருப்புப்பொடியும் நெய்யும் காப்பாற்றும். உங்கள் மாமியார் சைவம் என்றால் இது இன்னும் முக்கியம். ஆன்ட்டிலோப் பக்கத்திலுள்ள பேஜ், மான்யுமென்ட் வேலி பக்கத்திலுள்ள கேயென்டா போன்ற சிற்றூர்களில் கடைகள் சீக்கிரமே மூடிவிடும். காய்கறி உணவு என்றால் பெரும்பாலும் சீஸ் பீட்சாதான்.

இனி எதை விடலாம் என்பது. தயங்காமல் முதலில் ஆர்ச்சஸை அடித்துவிடுங்கள். அருமையான இடம், சந்தேகமில்லை. ஆனால் அதை ஒட்டியிருக்கும் மோவாப் நகரம் லாஸ் வேகாஸிலிருந்து சுமார் 460 மைல்; அதற்காகவே ஒன்றரை நாள் காரில் போய்விடும். அடுத்து ஜோஷுவா ட்ரீ. அது தெற்கே எதிர்த் திசையில் இருக்கிறது, லாஸ் ஏஞ்சலஸுக்கு என்றாவது போகும்போது சேர்த்துக்கொள்ளலாம். மான்யுமென்ட் வேலியை விடுவதுதான் மனதுக்குக் கஷ்டம். பேஜிலிருந்து போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து கிராண்ட் கேன்யனுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். பின்னிருக்கையில் ஆறு வயதுப் பையன் இருக்கும்போது அந்த நாள் எப்படிப் போகும் என்பதை உங்களால் என்னைவிட நன்றாகச் சொல்ல முடியும். என் வீட்டார் என்றால் விட்டுவிடச் சொல்வேன். வேறு சிலர் அதற்காகவே வருகிறார்கள். அப்படியானால் பிரைஸை விட்டு ஈடுகட்டுங்கள்.

மிச்சம் ஐந்து. இவற்றுக்கு நான் சொல்லும் ஏற்பாட்டின் சூத்திரம் எளிது: தாழ்வான ஊரில் தங்கி, வானம் தெளிந்த நாளில் உயரத்துக்கு ஏறுங்கள். யூட்டா மாநிலத்தின் தெற்கு எல்லையில் கனாப் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது, ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில். அங்கே மூன்று இரவு அறை எடுத்தால் சயானின் கிழக்கு வாசல் முக்கால் மணி நேரம், பிரைஸ் ஒன்றரை மணி நேரம். வானிலை அறிக்கையைப் பார்த்து எந்த நாளில் எது என்று அங்கே போய் முடிவு செய்யலாம். பிரைஸிலேயே அறை எடுத்துக்கொண்டு பனிப்புயலில் ஜன்னல் வழியே வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல். நான்காம் நாள் கனாபிலிருந்து பேஜ், 75 மைல்தான். ஆறாம் நாள் பேஜிலிருந்து கேமரன் வழியாகக் கிராண்ட் கேன்யனின் கிழக்கு வாசலான டெசர்ட் வியூ, அங்கே மேரி கோல்டர் 1932இல் கட்டிமுடித்த கல் கோபுரம், பிறகு விளிம்பை ஒட்டியே, விடுதிகள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமம் வரை. மொத்தம் சுமார் 135 மைல். அங்கே இரண்டு இரவு. எட்டாம் நாள் கிங்மன் வழியாக ஹூவர் அணையைப் பார்த்துக்கொண்டு லாஸ் வேகாஸ், சுமார் 280 மைல். டெத் வேலியைப் பட்டியலில் முன்பதிவு செய்யாமல் மாற்று இடமாக மட்டும் வையுங்கள். மேலே பனி பொழிந்து ஒரு நாள் கெட்டால் கீழே இறங்கிவிட அது வேண்டும். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் லாஸ் வேகாஸுக்கு வடகிழக்கே ஒரு மணி நேரத்தில் வேலி ஆஃப் ஃபயர் மாநிலப் பூங்கா இருக்கிறது. சிவந்த மணற்பாறை, குழந்தைகள் ஏறி விளையாடத் தோதான உயரம், மார்ச்சில் இதமான வெயில்.

பனி பொழியுமா என்று கேட்டால், பொழியக்கூடும் என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். 7,000 அடிக்கு மேல் மார்ச் மாதம் குளிர்காலத்தின் பகுதிதான். 2023 பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் சுற்றுவட்டாரத்தில் பொழிந்த பனியால் மாநிலத்தின் முக்கிய நெடுஞ்சாலைகளே மூடப்பட்டன. வேறு சில ஆண்டுகளில் அதே வாரத்தில் சாலை உலர்ந்து கிடக்கும். எந்த ஆண்டு எப்படி என்பதை ஒரு மாதம் முன்பே யாராலும் சொல்ல முடியாது. ஐந்து நாள் முன்பு ஓரளவுக்கும் இரண்டு நாள் முன்பு நன்றாகவும் சொல்லலாம். கிராண்ட் கேன்யனின் வடவிளிம்புச் சாலை மே மாதம் நடுவுக்கு முன் திறக்காது என்பதில் சந்தேகம் வேண்டாம். போதாததற்கு, 2025 ஜூலையில் பரவிய காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதியும் எரிந்துவிட்டது. உங்கள் போன் அந்தப் பக்கம் வழி காட்டினால் கேட்காதீர்கள். தென்விளிம்பில் பிரைட் ஏஞ்சல் பாதையின் மேற்பகுதி நிழலில் இருப்பதால் மார்ச்சில் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடக்கும். காலணியில் மாட்டும் இரும்புப் பற்கள் இல்லாமல் குழந்தைகளோடு அதில் இறங்க வேண்டாம். மேதர் பாயின்டிலிருந்து யாவப்பாய் அருங்காட்சியகம் வரை விளிம்போரமாகச் சமதளத் தார்ப்பாதை இருக்கிறது. உங்கள் மாமியார் அதில் நிதானமாக நடந்துவிடுவார்; காட்சியில் ஒரு குறையும் இருக்காது.

என் தொழில் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம், ஆனாலும் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலைவனத்தில் தாகத்தைவிட வெள்ளத்துக்குப் பயப்படுகிறவர்கள் நாங்கள். பாறையிலும் இறுகிய மண்ணிலும் மழை இறங்காது; விழுந்தது அப்படியே ஓடிச் சரிவில் சேர்ந்து இடுக்கில் பாயும். 1997 ஆகஸ்ட் 12ஆம் தேதி கீழ் ஆன்ட்டிலோப் கேன்யனில் 11 பயணிகள் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழையே இல்லை. பல மைல் தொலைவில் பெய்த இடிமழையின் தண்ணீர் அது. அந்த மாதிரி மழை பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரையான பருவத்துக்கு உரியது, மார்ச்சில் அபூர்வம். மார்ச்சின் ஆபத்து வேறு வகை. மேலே பனி உருகி ஆறுகள் நிதானமாக ஏறும், ஐஸ் போலக் குளிர்ந்திருக்கும். சயானில் ஆற்றுக்குள்ளேயே நடந்துபோகும் நேரோஸ் பாதையை, விர்ஜின் ஆற்றின் ஓட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். வசந்தத்தில் பெரும்பாலும் தாண்டிவிடும். அந்த ஆற்றில் 2020 முதல் நச்சுப் பாசியும் கண்டறியப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் தலையை முக்கிக் குளிக்கவோ தண்ணீரை வாயில் எடுக்கவோ விடாதீர்கள். நேரோஸ் வாசல் வரை போகும் ரிவர்சைடு வாக் என்ற தார்ப்பாதை போய்வர இரண்டு மைலுக்குச் சற்று மேல். உங்கள் குடும்பத்துக்கு அது போதும். சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால், ஆழம் எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். தடுப்பைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்பவரிடமே மீட்புச் செலவை வாங்க அரிசோனாவில் சட்டம் இருக்கிறது. முட்டாள் ஓட்டுநர் சட்டம் என்றுதான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள்.

ஹூவர் அணையில் நிற்கும்போது, அது தேக்கிவைத்திருக்கும் மீட் ஏரியின் கரைப் பாறையில் வெள்ளைப் பட்டை ஒன்று சுற்றிலும் ஓடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முன்பு தண்ணீர் நின்ற இடத்தில் படிந்த தாது உப்பு அது. ஏரி நிரம்பினால் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,229 அடி வரை நிற்கும். 2022 ஜூலையில் 1,040 அடிக்கு இறங்கியது. 1922இல் கொலராடோ ஆற்றை மாநிலங்களுக்குப் பங்கு போட்ட ஒப்பந்தம், ஆற்றில் வராத தண்ணீரையும் சேர்த்துப் பங்கு போட்டது. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளை வைத்துக் கணக்கிட்டதன் பலனை இப்போதும் அனுபவிக்கிறோம்.

ஆன்ட்டிலோப் கேன்யனும் மான்யுமென்ட் வேலியும் நவஹோ பழங்குடி மக்களின் நிலம். தேசியப் பூங்காச் சீட்டு அங்கே செல்லாது, தனிக் கட்டணம். ஆன்ட்டிலோப்புக்குள் நவஹோ வழிகாட்டி இல்லாமல் போகவே முடியாது. மேல் கேன்யன் சமதளம்; கீழ்க் கேன்யனில் செங்குத்தான இரும்பு ஏணிகள் உண்டு. மாமியார் கூட வருவதால் மேல் கேன்யனையே எடுங்கள். அங்குள்ளவர்களைப் படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நவஹோ நிலத்தில் மதுவுக்கும் தடை. பக்கத்தில், கொலராடோ ஆறு குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டில் விளிம்பின் ஒரு பகுதியில்தான் கம்பி வேலி. மற்ற இடத்தில் ஆயிரம் அடி நேர்ப்பள்ளம். பையனின் கையை விடாதீர்கள்.

நேரக் குழப்பம் ஒன்று இருக்கிறது, சுற்றுலா தவறிப்போவது இதனால்தான். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று நாட்டின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், அரிசோனா தள்ளாது. அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் தள்ளும். அதற்குள்ளே இருக்கும் இன்னொரு பழங்குடியான ஹோப்பி மக்களின் நிலம் தள்ளாது. ஆகவே கனாபிலிருந்து பேஜுக்கு வந்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். பேஜில் உங்கள் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப மணி மாறிக்கொண்டிருக்கும். ஆன்ட்டிலோப் சுற்றுலாக்கள் பேஜ் நேரப்படி, அதாவது அரிசோனா நேரப்படி நடக்கின்றன. பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

கட்டணத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவில் வசிக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசியப் பூங்காக்களில் ஓராண்டுக்கு இலவசச் சீட்டு உண்டு. அதைக் காட்டினால் காரில் உள்ள குடும்பத்துக்கும் வாகனக் கட்டணம் இல்லை. இணையத்தில் மகளைப் பதிந்து முன்பே எடுத்துவிடுங்கள். ஆனால் 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவருக்கு கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் உள்பட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. உங்கள் மாமியார் சுற்றுலா விசாவில் இருப்பதால் அவருக்கு என்ன விதி என்பதைக் கிளம்பும் வாரத்தில் பூங்கா இணையதளத்தில் படித்துவிடுங்கள்; இந்த விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. எந்தப் பூங்காவிலும் அலுவலகத்தில் கேட்டால் பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் தருவார்கள். அதிலுள்ள பயிற்சிகளை முடித்துக் காட்டினால் சீருடைக்காரர் வலது கையை உயர்த்தச் சொல்லி உறுதிமொழி எடுக்கவைத்து ஒரு பேட்ஜைக் குத்திவிடுவார். ஆறு வயதுப் பையனுக்கு உலகப் புகழ்பெற்ற பள்ளத்தாக்கைவிட அந்தப் பேட்ஜ் பெரிது.

பூக்களைப் பற்றி யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். 2005லும் 2016லும் டெத் வேலி மஞ்சள் கம்பளமாக இருந்தது உண்மை. அதற்கு இலையுதிர் காலத்திலேயே நல்ல மழை விழுந்து, பிறகும் இடைவெளி விட்டுப் பெய்து, காற்று அடங்கியிருக்க வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் சாலையோரத்தில் அங்கங்கே சில செடிகள் பூத்திருக்கும், அவ்வளவுதான்.

கடைசியாக வண்டி. நான் சொன்ன பாதை முழுவதும் தார்ச்சாலை. நல்ல டயர் உள்ள சாதாரணக் கார் போதும். மான்யுமென்ட் வேலிக்குள் இருக்கும் 17 மைல் மண்சாலை மட்டும் குலுக்கியெடுக்கும்; வாடகை ஒப்பந்தங்கள் பலவும் மண்சாலையை அனுமதிப்பதில்லை, கையெழுத்துக்கு முன் படியுங்கள். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்து வரும் நிலையத்தில் நிரப்புங்கள். வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வையுங்கள், சிக்னல் நீண்ட தூரம் இருக்காது. மார்ச் முதல் மே வரை காற்றுக் காலம். எதிரே பழுப்புச் சுவர் போலப் புழுதி வந்தால் சாலையை விட்டு முழுவதும் ஒதுங்கி, எல்லா விளக்குகளையும் அணைத்து, கைப்பிரேக் போட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து உங்களைப் பின்தொடர்ந்து வந்து மோதுவார். இருட்டிய பிறகு எல்க் மான்களும் மேய்ச்சல் மாடுகளும் சாலையில் நிற்கும், அதனால் சூரியன் மறைவதற்குள் அறைக்குப் போய்ச் சேருங்கள். முன்பதிவை ஆன்ட்டிலோப்பிலிருந்து தொடங்குங்கள், அதுதான் முதலில் தீரும். பிறகு கிராண்ட் கேன்யன் அறை, பிறகு கனாப், எல்லாவற்றையும் ரத்து செய்யக்கூடிய விலையில். பையனின் பூஸ்டர் இருக்கையை டல்லஸிலிருந்தே கொண்டுவாருங்கள். விமானத்தில் அதற்குப் பணம் வாங்குவதில்லை, கார் வாடகைக் கடையில் நாள் கணக்கில் வாங்குவார்கள்.